முகப்பில் நன்கொடையா, தேடல் பெட்டியா?

நோயாளிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனத்தின் தளத்துக்கு இரண்டு விதமாக முகப்பு அமைக்கலாம். ஒன்று, திரை முழுக்கத் தானாக நகரும் படங்கள், மேலே பெரிதாக ‘நன்கொடை தாருங்கள்’. இன்னொன்று, நடுவில் தேடல் பெட்டி, கீழே ‘இப்போதுதான் தெரியவந்ததா?’, ‘சிகிச்சை’, ‘யாரிடமாவது பேச வேண்டுமா?’ என்று மூன்றே சுட்டிகள்.

முதலாவது பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்குப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் திறப்பவருக்கு அது எதற்கு? ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் படம் நகர்ந்துவிடும். 5 நொடிக்கு மேல் தானாக நகர்வதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் இணைய அணுகல் நெறிமுறை. போதாக்குறைக்குப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான். வெளிர் வானத்தின் மேல் அது எங்கே கிடைக்கும்?

என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். அப்புறம் பணம் எப்படி வரும் என்பார்கள். பொத்தானை மேல் மூலையில் தனி நிறத்தில் வைத்தால் போதும், கொடுக்க வந்தவர் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மருந்தின் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்தால், ‘முடிவுகள் இல்லை’ என்று தேடல் பெட்டி கைவிரிக்கக் கூடாது.