ஸ்டான்ஃபோர்டின் கொரோனா மருந்து எதிர்ப்புத் தரவுத்தளம்: ஒரு மதிப்புரை

எச்ஐவி வைரசின் மருந்து எதிர்ப்பு (மருந்துக்குக் கட்டுப்படாத தன்மை) பற்றிய தரவுகளை நெடுங்காலமாகத் தொகுத்துவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, கொரோனா வைரசுக்கெனவும் ஒரு தரவுத்தளத்தைக் கட்டணமின்றி வழங்குகிறது. நிர்மாட்ரெல்விர், ரெம்டெசிவிர் போன்ற மருந்துகளின் வீரியத்தை வைரசின் எந்தத் திரிபு (மரபணு மாற்றம்) எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதை, வெளியான ஆய்வுகளிலிருந்து திரட்டி ஒரே இடத்தில் தருவதே இதன் பெரும் பலம்.

நிர்மாட்ரெல்விர் தாக்குவது, வைரஸ் பெருகத் தேவையான புரோட்டியேஸ் என்ற நொதியை. அதன் அமினோ அமில வரிசையில் 166ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதில் வேலின் அமர்ந்தால், மருந்தின் வீரியம் ஏறக்குறைய 100 மடங்கு குறைவதாக 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே மாற்றம் வைரசின் பெருகும் திறனையும் குன்றச் செய்கிறது. ஆனால் அத்துடன் அதே நொதியின் 50ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஃபீனைலாலனின் வந்தால் இழந்த திறன் மீள்கிறது. ஆகவே திரிபுகளைத் தனித்தனியாக மட்டும் பார்ப்பது போதாது. அவற்றின் சேர்க்கைகளையும் காட்டும் இத்தளத்தின் அட்டவணைகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

மரபணு வரிசையைப் பதிவேற்றினால் திரிபுகளைப் பிரித்துக் காட்டும் வசதியும் உண்டு. ஆயினும் மடங்குக் கணக்குகள் வெவ்வேறு செல் வகைகளிலும் சோதனை முறைகளிலும் பெறப்பட்டவை என்பதால், மருத்துவர்கள் அவற்றை நேரடியாக நோயாளியின் சிகிச்சைக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆய்வாளர்களுக்கும் நுண்ணுயிரியல் மாணவர்களுக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.