ஆடிக்கு நிலாவெளி, மார்கழிக்கு ஹிக்கடுவை, கற்பிட்டி யாருக்கு?

ஆடி, ஆவணியில் லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வந்திறங்கும் சொந்தக்காரருக்கு ஓர் ஆசை இருக்கும்: ஒரு நாள் கடலுக்குள் முகத்தை வைத்து மீன் பார்க்கவேண்டும். கொழும்பு வெள்ளவத்தை வீடுகளில் உடனே வரும் பதில் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவை. கோட்டையில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணித்தியாலம், பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடலாம். மார்கழிக்கு அது நல்ல பதில். ஆடிக்குப் பிழையான பதில்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். தெற்கு, மேற்குக் கரைகளில் அலை எழும்பி மணலைக் கலக்கிவிடும்; மாஸ்க் போட்டுக் குனிந்தால் கலங்கல்தான் தெரியும். அதே நேரம் திருகோணமலைக் கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றுத் திரும்ப, நிலைமை தலைகீழாகும். அதனால் இடத்தை யோசிக்க முதல் மாதத்தைப் பாருங்கள்.

என் மனம் திருகோணமலையின் நிலாவெளிப் பக்கம்தான். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது புறாத்தீவு. புறாமலை என்றும் சொல்வார்கள். பெரியதும் சின்னதுமாக இரண்டு தீவு. பாறைகளில் குடியிருக்கும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுப் பழகும் இடமாக இருந்த தீவு, 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. 1998 இல் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றி முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) வெளிறிச் செத்தபோது ஹிக்கடுவையும் வடமேற்குக் கரையின் கற்பிட்டியும் பலத்த அடி வாங்கின. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அந்த வித்தியாசம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது.

வள்ளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். இறங்கும் கரையே உடைந்த முருகைக்கல் துண்டுகள்தான். வெறுங்காலோடு நடக்க முடியாது, பழைய செருப்பொன்று கொண்டுபோங்கள். தண்ணிக்குள் காது போனதும் முதலில் கேட்பது ஒரு மெல்லிய 'கறுக் கறுக்' சத்தம். கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கின்றன. காலையில் முதல் வள்ளத்தில் போனால் செட்டை முனை கறுத்த சுறாக்களையும் காணலாம். நான் பார்த்தவை ஓராள் நீளம்கூட இல்லை. எங்களைக் கண்டதும் அவைதான் விலகிப்போயின. சுறா என்ற சொல்லுக்கே பயந்த என் மச்சாள், அதன் பிறகு தண்ணியை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாள்.

குறை தூரம்தான். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றருக்குக் கிட்ட, வான் வண்டியில் ஆறு மணித்தியாலம். ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். இரவு பஸ்ஸில் போய், காலையில் தீவு, பின்னேரம் கோணேசர் கோயில், அடுத்த நாள் கன்னியா வெந்நீரூற்று என்று வைத்துக்கொண்டால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் மனம் நிறையும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் எங்களுடையதைவிடப் பல மடங்கு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வள்ளக் கூலியைப் பிரித்துக்கொள்ளலாம்.

ஹிக்கடுவையும் தேசியப் பூங்காதான், 2002 முதல். முருகைக்கல் அரணுக்கு உள்ளே தண்ணி ஆழமில்லை, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், கடலாமைகள் முழங்கால் தண்ணி வரை வரும். தை, மாசியில் சின்னப் பிள்ளைகளோடும் நீச்சல் தெரியாத பெரியவர்களோடும் போக இதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் ஆமைக்காகப் போங்கள், முருகைக்கல்லை எதிர்பார்த்துப் போகாதீர்கள். போன முறை எங்களைக் கூட்டிப்போனவர், படம் எடுக்க வசதியாக உயிருள்ள கல்லின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். எனக்கு நெஞ்சு பதைத்தது. வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்கூட வளராத கற்களும் அதில் உண்டு. ஒரு மிதியில் உடைவது எத்தனை வருட வளர்ச்சி! எவ்வளவு அருமையான வழிகாட்டியாக இருந்தாலும், அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கற்பிட்டி வேறு வகை. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்புக் காலத்திலிருந்தே கடலடித் திட்டுக்குப் 'பார்' என்பதுதான் பேச்சு. பெரிய பார் என்று பெயர்களே உண்டு. கற்பிட்டிக்கு அப்பால், 1992 இல் சரணாலயமான பார் ரீஃப் என்ற முருகைக்கல் திட்டு, 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. 1998 க்குப் பிறகு தேறிவந்து, 2016 இல் மறுபடி வெளிறியது. கரையிலிருந்து வள்ளத்தில் வெகுதூரம், சுற்றிவர ஆழ்கடல், களைத்தால் கால் ஊன்ற நிலம் இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்த நாலைந்து பேர் கார்த்திகைக்கும் சித்திரைக்கும் இடையில் போனால், வழியில் ஓங்கில் (டொல்பின்) கூட்டத்தையும் காணலாம். காற்று எழும்ப முதல் திரும்பவேண்டும் என்பதால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக நான் சம்மதிக்கமாட்டேன்.

வழிகாட்டி ஹிக்கடுவையில் விருப்பம், கற்பிட்டியில் கட்டாயம். புறாத்தீவில் முதல் தடவை போகிறவர்கள் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். காசு கொடுக்க முதல் லைஃப் ஜக்கற்றின் பட்டிகளை இழுத்துப் பாருங்கள், பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் தண்ணி புகாது.

இந்த ஆடிக்கும் மச்சாள் வீட்டார் வருகிறார்கள். திருகோணமலை இரவு பஸ்ஸில் ஆறு சீற் போட்டுவிட்டேன்.