பதினெட்டு வயதா, முப்பத்தைந்து வயதா? இராமநாதபுரக் கரையில் கைக்கலைக்கான மூன்று வழிகள்

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசச் சுவர்களில் ஓவியம் தீட்டிய கைகளுக்கு அந்நாட்டு மன்னர்களான சேதுபதிகள் படியளந்தார்கள். இன்று மண்டபம் ஊரில் படகுக்கு வண்ணம் பூசிப் பெயர் எழுதுபவருக்கும், இராமேசுவரத்தில் சங்கு, சிப்பிப் பொருள்கள் செய்பவருக்கும் யார் படியளப்பது என்பதற்கு மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது, கவின்கலைப் பட்டம். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆசிரியப் பணி, வடிவமைப்பு என்று கதவுகள் திறக்கும் என்றாலும், நான்கு ஆண்டு விடுதிச் செலவைக் கடலை நம்பிய குடும்பம் எளிதில் தாங்காது.

இரண்டாவது, கடனும் மானியமும். இங்கேதான் மத்திய, மாநில அரசுகள் முரண்படுகின்றன. 2023-இல் வந்த மத்திய அரசின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களுக்கானது. 18 வயது நிறைந்தவர்க்குச் சில நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், இரு தவணைகளில் 3 லட்சம் வரை கடன் என்று தருகிறது. (ஒரு வாரத்தில் தூரிகையைக் கழுவப் பழகலாம்.) குடும்பத் தொழிலை நிபந்தனையாக்குவதை எதிர்த்துத் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 50,000 ரூபாய்க்கு மிகாமல் 25 சதவீத மானியம், குறைந்தபட்ச வயது 35.

பிறப்பைக் கேட்காததில் மாநிலத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பை விட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பிவிடக் கூடாது என்று வயதை 35 ஆக்கிய கவலையும் சரியே. ஆனால் கை பழகுவது பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான். கல்லூரிக்குப் போகாத இளைஞருக்கு அந்தப் பதினேழு ஆண்டுகளை இத்திட்டம் வெறுமையாக விட்டிருக்கிறது. விசுவகர்மா பட்டியலிலோ படகு கட்டுபவரும் வலை பின்னுபவரும் இருக்கிறார்கள், ஓவியர் இல்லை. படகைச் செய்பவர் கைவினைஞர், அதன் முகப்பில் பெயர் எழுதுபவர் யாரோ!

ஆகவே மூன்றாவதான தொழில் பழகுநர் முறையே இக்கரைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஊரை விடாமல், உதவித்தொகையுடன், வேலையிலேயே பழகலாம். தடை சட்டத்தில் இருக்கிறது: 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்கு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் பழகுநரை எடுக்க இயலாது. இரண்டு பேர் உட்கார்ந்து சங்கு அறுக்கும் பட்டறைக்கு அது எட்டாது. அருகருகே உள்ள பட்டறைகளை ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து ஒரே நிறுவனமாகக் கணக்கிட்டு, உதவித்தொகையை அச்சங்கத்தின் வழியே மாநிலம் வழங்கலாம்.