மலைப்பள்ளி விடுதி: புதுக் கட்டடமா, ஊர் கூடிச் செய்யும் சீரமைப்பா?

கொல்லிமலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் நான் இருந்தபோது, பகலில் வகுப்பறையாகவும் இரவில் படுக்கையறையாகவும் பயன்பட்ட ஓட்டுக் கட்டடத்துக்கு ஒரு வழி காண வேண்டியிருந்தது. நிறுவனம் ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியில் புது விடுதி கட்டலாம். அல்லது பெற்றோர், முன்னாள் மாணவர்கள், ஊராட்சி மூவரும் சேர்ந்து இருப்பதையே சீரமைக்கலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கமே.

நிறுவன நிதியின் அனுகூலம் விளக்கத் தேவையில்லாதது: பணம் பெரிது, கட்டடம் விரைவில் எழும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் கீழான விதிகளின்படி, சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் தொடர் திட்டம், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது. அதன்பின் ஐப்பசி மழையில் ஒழுகும் கூரைக்கும் எரிந்துபோகும் மோட்டாருக்கும் யார் பொறுப்பு? மாணவியர் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து சில நாள் அப்படியே கிடந்தால், பிள்ளைகள் விடியுமுன் வெளியே ஒதுங்கத் தொடங்குவார்கள். வளர்ந்த பெண்ணைப் பெற்றோர் வீட்டுக்கே அழைத்துக்கொள்வார்கள். தாழ்ப்பாளின் விலை சொற்பம்தான், ஆனால் மதிப்பீடு எழுதி, ஒப்புதல் பெற்று, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்திலிருந்து ஆள் வருவதற்குள் படிப்பே நின்றுவிடும். தன் மகளும் அங்கேயே தங்கிப் படிக்கும் ஊர்க் கொத்தனாரோ, எங்கள் விடுதியில் தாழ்ப்பாள் உடைந்தபோது அன்று மாலையே வந்து நின்றார். கூரை ஓடுகளும் மரச்சட்டமும் அவர் கைக்குப் பழகியவை என்பதால் வேலையும் நிலைத்தது. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. இரவு விளக்கு எங்கே வேண்டும், நாப்கின் எரிப்பான் எங்கே வேண்டும் என்பதை முதலில் சொன்னவர்கள் அந்தத் தாய்மார்களே.

இந்த வழியிலும் சுமை உண்டு. அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் பெற்றோரிடம் இலவச உழைப்பைக் கேட்பது நியாயமாகாது. மிளகு பறிக்கும் காலத்தில் எவரும் வரவும் முடியாது. ஆகவே முன்னாள் மாணவர்கள் தந்த பணத்தில் கூலி கொடுத்தோம், கணக்கைக் குழுக் கூட்டத்தில் வாசித்தோம். அந்தப் பணவரவு பல ஆண்டுகள் தொடருமா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது.

எங்களுடையது சிறிய பள்ளி. சீரமைப்பு கூடுதல் அறைகளைத் தராது. பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் தங்கும் இடத்தில் புதுக் கட்டடம் தவிர்க்க முடியாததாகலாம். அங்கே அடிக்கல் நாட்டும் முன்பே, ஒப்படைத்தபின் பழுது பார்ப்பவர் யார், அதற்கான வைப்புத்தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.