குடாவுக்கு அப்பால் உள்ள கணினி: வலையமைப்பு அமைப்புகளை எந்த வழியாகப் பார்ப்பது?

திருகோணமலை நகருக்கும் மூதூருக்கும் நடுவே கொட்டியாரக் குடா கிடக்கிறது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலமும் பின்னர் அவ்வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டதோடு படகுக்குக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்ததாயினும், ஒரு கணினியின் ஐபி முகவரியைப் பார்ப்பதற்கென்று குடாவைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் போய் வருவது அரை நாளை விழுங்கும் வேலைதான். நகரில் தலைமையகமும் மூதூர், நிலாவெளி, புல்மோட்டை ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிப்பவன் நான். இருந்த இடத்திலிருந்தே ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியின் எண்), சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் அதே வலையமைப்பில் உள்ளன என்பதைச் சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) ஆகியவற்றைப் பார்ப்பதற்கு மாறி மாறிக் கையாண்ட வழிகளை ஓர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன்: எந்த அமைப்பில் பிழை என்று சந்தேகிக்கிறோமோ, அதே அமைப்பு சரியாக இருந்தால்தான் அந்த வழி திறக்குமா?

திரையை அப்படியே காட்டும் இரண்டு வழிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் 3389 என்னும் போர்ட்டில், அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலில், இயங்குகிறது. விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் இதனால் நுழைய முடியாது. அதைவிடப் பெரிய இடைஞ்சல், நாம் உள்ளே போனதும் அங்கே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்வதாகும். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கவுண்டரில் இருப்பவரின் திரையைப் பறிப்பது முறையல்ல. 3389ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடுவதையோ நினைத்தும் பார்க்கக் கூடாது. 2019இல் வெளிப்பட்ட புளூகீப் என்னும் ஓட்டை, விண்டோஸ் 7 வரையிலான பழைய பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே நுழைய வழிவிட்டது.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை இந்த இடத்தில் வசதியானவை. கிளையிலுள்ள கணினி தானே வெளியே உள்ள சேவையகத்தோடு தொடர்பு கொள்வதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம். இலவசப் பதிப்பு தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே என்பதால் நிறுவனத்துக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். ஆனால் உரைகல்லில் இவை நிறம் மாறுகின்றன. அங்கே டிஎன்எஸ் பழுதானால் அந்தச் சேவையகத்தின் முகவரியைக் கணினியால் கண்டுபிடிக்க முடியாது. நாம் பார்க்க விரும்பிய பிழையே நம்மை வெளியில் நிறுத்திவிடும். நான்கு வரி எண்களைப் படிப்பதற்கு முழுத் திரையையும் படமாக இழுப்பது மெதுவான 4ஜி இணைப்பில் வீண் சுமை என்பதும் என் எண்ணம்.

எழுத்தாக விடை தரும் வழிகளே எனக்கு நெருக்கமானவை. மார்க் ருசினோவிச் எழுதிய பிஎஸ்எக்செக் என்னும் சிறு கருவி பழைய தோழன். தூரக் கணினியில், வலையமைப்பு எண்களைப் பட்டியலிடும் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஓட்டி விடையை இங்கே தருகிறது. ஆனால் அதற்கு 445ஆம் போர்ட்டும் நிர்வாகிகளுக்கான பகிர்வும் தேவை. அங்கே தற்காலிகச் சேவை ஒன்றையும் அது நிறுவுவதால் வைரஸ் தடுப்பான் கூச்சலிடுவதுண்டு. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லைத் தூரக் கணினியில் ஓட்டும் பவர்ஷெல் ரிமோட்டிங் இதனினும் பண்பட்டது. 5985 போர்ட் வழியாக ஒரே கட்டளையில் பல கணினிகளைக் கேட்டு, விடைகளை ஒரே அட்டவணையாகப் பெறலாம். எல்லாக் கணினிகளும் ரவுட்டரைக் காட்டும்போது ஒன்று மட்டும் யாரோ கையால் இட்ட டிஎன்எஸ் முகவரியைக் காட்டினால் அது உடனே கண்ணில் படும். டொமைன் (கணினிகளை ஒரே மையத்திலிருந்து ஆளும் ஏற்பாடு) இல்லாத எங்களைப் போன்ற இடங்களில், நம்பத்தக்க கணினிகளின் பட்டியலைக் கையால் எழுத வேண்டியிருப்பது ஒரு குறை. இன்னொன்று, ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாகக் கருதிப் பொது வகையில் சேர்த்துவிடக்கூடும். அப்போது தீச்சுவர் (தொடர்புகளை வடிகட்டும் காவல்) மூடிக்கொள்ள, ரவுட்டர் மாறியதன் விளைவைப் பார்க்க வந்தவருக்குக் கதவே திறக்காது.

தூரக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிடும் வழியான எஸ்எஸ்எச் 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து அதன் சேவையகப் பகுதியை விண்டோஸிலேயே சேர்த்துக்கொள்ள முடிகிறது. 22 என்னும் ஒரே போர்ட் போதும். லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் ஒரே பழக்கம். எண் முகவரியால் அழைத்தால் அக்கரையில் டிஎன்எஸ் செத்துக் கிடந்தாலும் விடை வரும். இதன் பெரிய பலம் தாவிச் செல்லும் வசதி. ஒரு கணினியின் கேட்வே பிழையாக இருந்தால் வெளியிலிருந்து எவராலும் அதைத் தொட முடியாது. ஆனால் அதே அறையில் பக்கத்து மேசைக் கணினிக்குள் நுழைந்து அங்கிருந்து தாவினால், சப்நெட் சரியாக உள்ளவரை அது பதில் சொல்லும். வழக்கமான ஐபிவி4 முகவரிகள் முழுவதும் குழம்பியிருந்தாலும், தீச்சுவர் இடம் கொடுத்தால், கணினியின் ஒவ்வொரு வலையமைப்பு அடாப்டரும் தானே அமைத்துக்கொள்ளும் ஐபிவி6 (புதிய வகை) உள்ளிணைப்பு முகவரியால் அடையலாம்.

எனிடெஸ்க் வகையைத் தவிர, இந்த வழிகளுக்கெல்லாம் பொதுவான தடை ஒன்று உண்டு. எங்கள் கிளைகளின் 4ஜி ரவுட்டர்களுக்குக் கிடைப்பது 100.64 என்று தொடங்கும், இணைய நிறுவனம் தன் உள்வலையில் தரும் பகிரப்பட்ட முகவரி. அதில் போர்ட் திறந்தும் பயனில்லை. தலைமையகத்துக்கு நிலையான பொது முகவரி ஒன்றை வாங்கி, கிளைகள் தாமாக அதை அழைக்கும்படி வயர்கார்ட் சுரங்கம் (இணையத்தின் ஊடே மறைகுறியிட்ட தனிப்பாதை) அமைத்த பிறகே எஸ்எஸ்எச் உருப்படியானது. சுரங்கமும் தனி அடாப்டராகப் பட்டியலில் வரும். அதன் முகவரியைக் கிளையின் முகவரி என்று எண்ணி நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

நிலாவெளியில் இன்னொரு பாடம் கிடைத்தது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வேகம் இல்லை. ஐபிகான்ஃபிக் இணைப்பின் வேகத்தைக் காட்டாது. பவர்ஷெல்லின் கெட்-நெட்அடாப்டர் கட்டளை 1 ஜிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட் என்று காட்டியது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். கடற்காற்றில் களிம்பேறிய முனையில் ஒரு சோடி தொடர்பிழந்திருந்தது.

கடைசி வழி தொலைபேசி. இதை ஏளனம் செய்வோர் உண்டு. ஆனால் கிளையின் இணைப்பு முற்றாக அறுந்த பின்பும், அந்த இணைப்பை நம்பாமல் இயங்குவது இது மட்டுமே. "அண்ணா, நூற்றி அறுபத்தொன்பது எண்டு தொடங்குது" என்று புல்மோட்டையிலிருந்து தங்கச்சி ஒருத்தி வாசித்த அந்த ஒரு சொல்லிலேயே, கணினிக்கு ரவுட்டர் தானாக வழங்கும் டிஎச்சிபி முகவரி கிடைக்கவில்லை என்பது விளங்கிவிட்டது. தொலைபேசியின் குறை, வாசிப்பவருக்கு எந்த வரி முக்கியம் என்று தெரியாததுதான். ஆகையால் ஒவ்வொரு கிளையிலும் திரையின் ஓரத்தில் சரியான நான்கு எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். தாளோடு ஒத்துப்போகாத வரியை மட்டும் வாசித்தால் போதும்.