ஹுவா குவோஃபெங்கும் டெங் சியாவோபிங்கும்

சீனத் தலைவர் மாவோ மறைந்த நான்கு வாரங்களுக்குள், 1976 அக்டோபர் 6 அன்று, மாவோவின் மனைவி உள்ளிட்ட தீவிரப் போக்குடைய தலைவர்களான நால்வர் குழுவைக் கைது செய்து, மாவோ தொடங்கிய அரசியல் களையெடுப்பு இயக்கமான கலாச்சாரப் புரட்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தவர், அவரது வாரிசான ஹுவா குவோஃபெங். அந்தத் துணிவு இல்லாதிருந்தால், மாவோ காலத்தில் பதவி பறிக்கப்பட்ட டெங் சியாவோபிங் மீண்டும் பதவிக்கு வந்திருப்பது கடினம் என்றே கருதுகிறேன். ஆனால் ஹுவாவின் அதிகாரம், “நீங்கள் பொறுப்பில் இருந்தால் எனக்குக் கவலையில்லை” என்று நோயுற்ற மாவோ எழுதித் தந்த துண்டுச் சீட்டையே பெரிதும் நம்பியிருந்தது. ஆகவே மாவோவின் முடிவுகள் அனைத்தையும் காப்போம் என்ற நிலைப்பாட்டை 1977 பிப்ரவரியில் முன்வைத்த அவர், தலைமுடியைக்கூட மாவோவைப் போலவே பின்னோக்கி வாரிக்கொண்டார். டெங்கோ, நடைமுறையே உண்மையின் உரைகல் என்ற வாதத்தை ஆதரித்து, 1978 டிசம்பர் மத்தியக் குழுக் கூட்டத்தில் கட்சியைச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பினார். 1981இல் கட்சித் தலைவர் பதவியை இழந்தபோதும், ஹுவா 2002 வரை மத்தியக் குழுவில் நீடித்தார். மாறாக, மாவோ காலத்தில் வீழ்த்தப்பட்ட சீனக் குடியரசுத் தலைவர் லியூ ஷாவோச்சியோ 1969இல் காவலிலேயே இறந்தார்.