அடைமழையில் ஒரு சௌவின் வகுப்பு

அயர்லாந்திலிருந்து இணையத்தில் நடத்திய 4 வார வகுப்பில் சேர்ந்தேன். பாடம் சௌவின்: அக்டோபர் 31 மாலை தொடங்கும், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்களின் பழைய பண்டிகை. அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பி, குளிர்காலம் பிறக்கிற நேரம். அன்றைக்கு இறந்தவர்கள் நமக்குப் பக்கத்தில் வருவார்கள் என்பது நம்பிக்கை.

இங்கே தேவிபட்டினத்தில் அது அடைமழை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள், வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. இரண்டாம் வாரம் முரசுப் பயிற்சி. நொடிக்கு 4 அடிக்கு மேல், ஒரே சீராக. கண்ணை மூடிக் கேட்டபோது சின்ன வயதில் கேட்ட கோடாங்கியின் உடுக்கைச் சத்தம் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. உடுக்கை இப்படிச் சீராகப் போகாது, ஏறும், தணியும். ஆனாலும் உடம்பில் எழுந்த சிலிர்ப்பு ஒன்றுதான்.

இப்படி முரசடித்து ஆவிகளோடு பேசுகிறவரைச் சொல்லும் 'ஷாமன்' கெல்டிக் சொல் அல்ல, சைபீரியாவின் எவெங்கி மொழியிலிருந்து வந்தது என்று ஆசிரியை முதலிலேயே பிரித்துச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை, நேரம். நமக்கு நள்ளிரவு 12.30. கடைசி வாரம் கரண்ட் போய்ப் பாதிப் பாடம் போச்சு. பதிவு கேட்டும் தரவில்லை. 6,000 ரூபாய் கட்டியவளுக்கு அது வருத்தம்தான்.

மூன்றாம் வாரப் பயிற்சி, இறந்தவருக்கு ஒரு தட்டு சாப்பாடு வைப்பது. அப்பத்தாவுக்கு நண்டுக் குழம்பு வைத்தேன்.